கரு வைத்தும் தங்கவில்லையா? அடுத்த தடவைக்கு முன் மலையகத் தம்பதியர் செய்யவேண்டியவை

முட்டையை வெளியே எடுத்து, ஆய்வுகூடத்தில் கருக்கட்டவைத்து, அந்தக் கருவைக் கருப்பைக்குள் வைக்கும் ஐ.வி.எஃப் முறையில் இரண்டு மூன்று தடவை கரு வைத்தும் தங்காமல் போனவர்களுக்கான வழிகாட்டி இது. முதல் தடவை போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "அடுத்த மாதமே இன்னொன்றை வைத்துவிடலாம்" என்று சிகிச்சை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் உடனே தலையாட்டாதீர்கள். உறையவைத்த கரு திரவ நைதரசனுக்குள் −196 பாகை குளிரில் இருக்கிறது. மூன்று மாதம் போனாலும் மூன்று வருடம் போனாலும் அதற்கு வயது ஏறாது. அந்த இடைவெளியில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. பெரும்பகுதியை ஊர்ப்பக்கத்திலேயே, அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் முடிக்கலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கையிருப்பில் கரு எதுவும் இல்லை, பெண்ணுக்கு 38 வயது தாண்டிவிட்டது என்றால் காத்திருப்பது நட்டம். சூலகத்தில் இருக்கும் முட்டைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்டவர்கள் கீழே உள்ள பரிசோதனைகளை ஒரே மாதத்தில் சேர்த்துச் செய்யுங்கள். முட்டை எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. எந்த இடத்தில் நின்றது என்று பிரித்துப் பாருங்கள்

"சரிவரவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் நாலு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. முட்டை போதுமான அளவு கிடைக்காமலோ கருக்கட்டாமலோ போயிருக்கலாம். கருக்கட்டியும் ஐந்தாம் நாள் வரை வளராமல் நின்றிருக்கலாம். நல்ல கருவை வைத்தும், கர்ப்பத்தைக் காட்டும் ஹோர்மோனான எச்.சி.ஜி. இரத்தத்தில் ஏறாமலே இருந்திருக்கலாம். ஏறிய எச்.சி.ஜி. ஒரு கிழமையில் இறங்கியிருக்கலாம், அல்லது ஸ்கேனில் தெரிந்த பிறகு கலைந்திருக்கலாம்.

இவற்றில் மூன்றாவதுதான் கரு பதியாமை. முதல் இரண்டும் முட்டை, விந்து, மருந்தளவு, ஆய்வுகூடம் சம்பந்தப்பட்டவை. அவற்றுக்காகக் கருப்பையைச் சுரண்டுவதும் ஊசி போடுவதும் வீண் செலவு. நாலாவதில் கரு ஒட்டத்தான் செய்தது. அங்கே கருக்கலைவுக்குரிய பரிசோதனைகள் முன்னுக்கு வரும். எந்த வகை உங்களுடையது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எத்தனை தடவை தவறினால் கவலைப்பட வேண்டும்? முன்பெல்லாம் "நல்ல கரு மூன்று" என்று பொதுவாகச் சொன்னார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கமான எஷ்ரே 2023 இல் வெளியிட்ட பரிந்துரை வேறு கணக்குச் சொல்கிறது. இதுவரை வைத்த கருக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பதிந்திருக்க வேண்டிய வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டியும் பதியாவிட்டால், அப்போதுதான் காரணம் தேடத் தொடங்க வேண்டும். அதனால் 30 வயதுப் பெண்ணுக்கு இரண்டு நல்ல கரு தவறினாலே தேட வேண்டிவரலாம். 41 வயதில் மூன்று தவறுவது, வருத்தம்தான் என்றாலும், வழமைக்கு மாறானதல்ல. அந்த வயதில் உருவாகும் கருக்களில் பாதிக்கு மேல் நிறமூர்த்த (குரோமோசோம்) எண்ணிக்கை பிழையாகவே இருக்கும். அவை எந்தக் கருப்பையிலும் நிலைக்காது.

இன்னொரு கணக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறமூர்த்தம் சரியென்று பரிசோதித்த கருவை ஒவ்வொன்றாக மூன்று தடவை வரை வைத்த 4,000 க்கும் மேற்பட்ட பெண்களின் விவரம் 2021 இல் வெளியானது. மூன்று தடவைக்குள் சுமார் 95 சதவீதமானோருக்குக் கரு பதிந்திருந்தது. அவர்கள் எல்லோருக்கும் கருப்பையின் அமைப்பு சரியாக இருந்தது. அதாவது, அமைப்புக் கோளாறு இல்லாத கருப்பை நல்ல கருவை ஏற்க மறுப்பது மிக அரிது. "உன் கர்ப்பப்பை சரியில்லை" என்று மாமியோ அக்கம்பக்கமோ சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கருவில் பாதி ஆணுடையது.

2. பழைய கடதாசிகளைக் கையில் எடுங்கள்

சிகிச்சை செய்த நிலையத்தில் "முழுச் சிகிச்சைச் சுருக்கம் எழுத்தில் வேண்டும்" என்று கேளுங்கள். பில்லும் ஒரு டயக்னோசிஸ் கார்டும் மட்டும் போதாது. ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாக இவை இருக்க வேண்டும்:

போட்ட ஊசியின் பெயர், ஒரு நாள் அளவு, எத்தனை நாள். எடுத்த முட்டை எத்தனை, அதில் முதிர்ந்தது எத்தனை, கருக்கட்டியது எத்தனை, ஐந்தாம் நாளை எட்டியது எத்தனை. வைத்த கருவின் நாளும் தரமும்; 4ஏஏ, 3பிபி என்று எழுதியிருப்பார்கள். உடனே வைத்ததா, உறையவைத்து எடுத்ததா. கரு வைத்த மாதத்தில் கருப்பை உட்சுவரின் தடிப்பு எத்தனை மி.மீ. கருவை ஏற்க உட்சுவரைத் தயார்படுத்தும் புரொஜெஸ்தரோன் மருந்து தொடங்கிய நாளும் நேரமும், அதன் இரத்த அளவு பார்த்தார்களா என்பது. கரு வைக்கும் மெல்லிய குழாய் உள்ளே போவதில் சிரமம் இருந்ததா, இரத்தம் பட்டதா. கடைசியாக, எச்.சி.ஜி. எண்ணிக்கை. "நெகட்டிவ்" என்ற சொல் போதாது, எண்ணே வேண்டும்.

இவை உங்கள் சொந்த விவரங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். வேறு வைத்தியரிடம் காட்டப் போகிறீர்கள் என்றாலும் அதை மறைக்கத் தேவையில்லை.

மலையகத்தில் அடிக்கடி சிக்கல் தருவது வேறொன்று: பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்து, தோட்டப் பதிவில் மூன்றாவது. போதாக்குறைக்கு, கோயிலில் தாலி கட்டிப் பல வருடம் வாழ்ந்தும் விவாகப் பதிவு செய்யாதவர்கள் இருக்கிறார்கள். நிலையங்கள் இருவரின் அடையாள அட்டையையும் விவாகச் சான்றிதழையும் கேட்கும். பதிவு செய்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். செய்யாவிட்டால் விவாகப் பதிவாளரிடம் இப்போதே பதிந்துவிடுங்கள். பெயர் வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துவைத்தால் சிகிச்சைக்கு மட்டுமல்ல, பிறகு பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கும் உதவும். கரு வைக்கும் நாளன்று காலையில் இதைத் தேடி ஓட முடியாது.

சம்மதப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் நாளே ஒரு பிரதியை வாங்கி வந்து, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள். மிஞ்சும் கருவை என்ன செய்வது, எத்தனை வருடம் வைத்திருப்பது, வருடாந்தக் கட்டணம் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்ற மூன்று பகுதிகளையும் குறிப்பாகக் கேளுங்கள்.

3. ஊர்ப்பக்கம் முடிக்கக்கூடிய பரிசோதனைகள்

பகுதிக்குப் பொறுப்பான மிட்வைஃபிடம் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகவோ தோட்ட வைத்தியசாலை வழியாகவோ கடிதம் எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் மகப்பேற்று, பெண்ணோயியல் கிளினிக்குக்குப் போங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை, கண்டி, பேராதனை வைத்தியசாலைகள் என்று உங்களுக்குக் கிட்டியது எதுவோ அது. அங்குள்ள மகப்பேற்று, பெண்ணோயியல் விசேட வைத்தியரிடம் (வி.ஓ.ஜி.) பழைய சுருக்கத்தைக் காட்டி இவற்றைக் கேளுங்கள். அங்கே இல்லாத சிலதை மட்டும் வெளியே காசு கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

தைரொயிட்: டி.எஸ்.எச். அளவு 4 க்கு மேல் என்றால் மாத்திரை தொடங்கி, 2.5 க்குக் கீழே கொண்டுவந்த பிறகு கரு வைப்பதே வழமை. மாத்திரை தொடங்கி ஆறு கிழமை கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் எண் பொய் சொல்லும். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் குடியுங்கள். ப்ளேன்டீயுடன் வேண்டாம்.

இரத்தச்சோகை: தோட்டப் பெண்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுவதால் "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் 12 க்குக் கீழே இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேயிலைச் சாயம் வாயில் படக் கூடாது. தேயிலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடலில் சேர விடாது. மாத்திரை குடித்தும் ஏறாமல், சிவப்பணுவின் அளவைக் காட்டும் எம்.சி.வி. 80 க்குக் கீழேயே நின்றால் தலசீமியாக் காவியா என்று இருவருக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் காவியென்றால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதைக் கரு வைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சீனி: கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 6.5 க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைக்க வேண்டும். பால் சுரக்கவைக்கும் ஹோர்மோனான புரொலக்ரினையும் அதே இரத்தத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்தது, இரத்தத்தை உறையவைத்துக் கருக்கலைவை உண்டாக்கக்கூடிய அன்டிபொஸ்போலிபிட் பிறபொருளெதிரிகள். மூன்று பரிசோதனைகள் சேர்ந்தது இது: லூபஸ் அன்டிகோகுலன்ட், அன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரதம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு தடவை வந்ததை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 12 கிழமை கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நோய். ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள், 12 கிழமைக் கணக்கு அன்றே தொடங்கிவிடும். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபரின் ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது லூபஸ் அன்டிகோகுலன்ட் பார்த்தால் பிழையாக வரலாம்.

இருவரின் நிறமூர்த்தப் பரிசோதனை கொழும்பில்தான் எளிது. கருக்கலைவும் சேர்ந்து நடந்தவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும், இப்போதிருந்தே. மிட்வைஃபிடமே கேட்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும், முன்பு முதுகெலும்புக் குறையுள்ள பிள்ளை பிறந்தவர்களுக்கும் 5 மி.கி. எழுதுவார்கள். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இருவரும் நிறுத்த வேண்டும். "ஒரு வாய்தானே" என்று கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போடுவதும் கணக்கில் சேரும்.

4. கருப்பையின் உட்புறத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்

பணத்தையும் நேரத்தையும் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகும் சிறிய சதை முளை (பொலிப்), குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபைப்ரொயிட் கட்டி, முன்பு கருப்பையைச் சுத்தம் செய்த டி.என்.சி. விட்டுப்போன ஒட்டுத்தழும்பு ஆகியவை, கருப்பைக்குள் சிறிய கமராவை விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபியில் தெரியும். பெரும்பாலும் அப்போதே அகற்றியும் விடலாம். மாதவிடாய் நின்றவுடன், சுமார் 6 ஆம் நாளிலிருந்து 10 ஆம் நாளுக்குள் செய்ய வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்தான், ஆனால் திகதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். எனவே கிளினிக்குக்குப் போன முதல் நாளே பெயரைப் பதியுங்கள். திகதி வந்து, அன்று மாதவிடாய் பொருந்தாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். போய்த் திரும்பி வந்தால் ஒரு நாள் பேரும் (நாட்சம்பளமும்) பஸ் காசும்தான் நட்டமாகும்.

அதே நேரத்தில் உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து சி.டி.138 பார்க்கச் சொல்லலாம். வலியோ காய்ச்சலோ காட்டாத நாட்பட்ட அழற்சி இதில் தெரியவரும். இருந்தால் டொக்சிசைக்கிளின் 100 மி.கி. காலையும் மாலையும் 14 நாள் என்பதே வழமையான சிகிச்சை. முடிந்த பிறகு மறுபடி துணுக்கெடுத்து, போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சூலகத்திலிருந்து கருப்பைக்கு வரும் குழாயில் நீர் தேங்கியிருக்கிறதா? ஹைட்ரோசால்பிங்ஸ் என்று ரிப்போட்டில் எழுதியிருந்தால் அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கிறது. இப்படியே விட்டு ஐ.வி.எஃப் செய்தால் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். லப்பிரஸ்கோபி என்ற சிறுதுளைச் சத்திரசிகிச்சை மூலம் அந்தக் குழாயை எடுத்துவிட்டோ, கருப்பையுடன் சேரும் இடத்தில் அடைத்துவிட்டோ கரு வைத்தால் வாய்ப்பு மீண்டும் ஏறும். "குழாயை எடுத்துவிட்டால் பிறகு பிள்ளையே வராதே" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஐ.வி.எஃப்பில் கரு குழாய் வழியாகப் போவதில்லை, நேரே கருப்பைக்குள் வைக்கப்படுகிறது. குழாய்களைக் காட்டும் பழைய எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே படம் இருந்தால் எடுத்துப்போய் இதை மட்டும் ஒரு தடவை கேளுங்கள்.

கருப்பைச் சுவர் தடித்து, மாதவிடாயின்போது தாங்கமுடியாத வலியும் அதிக இரத்தப்போக்கும் உள்ளவர்களுக்கு அடினோமயோசிஸ் இருக்கலாம். அவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஹோர்மோனை அடக்கும் ஊசி போட்டுவிட்டு, பிறகு உறையவைத்த கருவை வைப்பது பல வைத்தியர்களின் வழி.

5. கணவனின் பரிசோதனையைப் புதுப்பியுங்கள்

மூன்று வருடத்துக்கு முந்திய விந்து ரிப்போட்டை வைத்துக்கொண்டு எத்தனையோ சிகிச்சைகள் நடக்கின்றன. புதிதாகச் செய்யுங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை உறவு இல்லாமல் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோல்படி குறைந்த எல்லைகள்: கனவளவு 1.4 மி.லீ., ஒரு மி.லீ. இல் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். நாலு சதவீதம் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுவே போதும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் கரு ஐந்தாம் நாளை எட்டுவது குறைவென்றால், விந்தணுவின் டி.என்.ஏ. சிதைவுப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கலாம். விந்தணு ஒன்று உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும். இன்று விட்ட பழக்கத்தின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். சிகரட், கசிப்பு, சாராயம் ஆகியவற்றை நிறுத்த வேண்டும். தோட்டத்தில் களைநாசினி, பூச்சிநாசினி தெளிக்கும் வேலை செய்பவர் அந்த மூன்று மாதத்துக்காவது வேறு வேலைக்கு மாற்றிக் கேட்பது நல்லது. காரணத்தைக் கங்காணிக்கு விளக்க விருப்பமில்லாவிட்டால், "மருந்தடி ஒத்துக்கொள்ளவில்லை" என்று வைத்தியரிடம் ஒரு கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். விதைப்பையில் இரத்த நாளம் சுருண்டு தடித்திருந்தால், அதாவது வெரிகோசீல் இருந்தால், அதையும் காட்டுங்கள்.

6. கூடுதல் சிகிச்சைகளுக்குக் கையொப்பமிடும் முன்

இரண்டு தடவை தவறியவர்களிடம் எதைச் சொன்னாலும் சம்மதிப்பார்கள். அந்த நிலைமையில் விற்கப்படும் சிலவற்றுக்குப் பெரிய பரிசோதனைகளில் கிடைத்த விடை இது:

உட்சுவரைச் சுரண்டுதல்: 2019 இல் 1,364 பெண்களிடம் செய்த ஆய்வில் சுரண்டியவர்களில் 26.1 சதவீதம், சுரண்டாதவர்களிலும் 26.1 சதவீதம் பிள்ளை பெற்றார்கள். வலிதான் மிச்சம்.

உட்சுவர் தயாராகும் நேரத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஈ.ஆர்.ஏ.: 2022 இல் வெளியான ஆய்வில், அதைப் பார்த்து நேரம் மாற்றியவர்களில் 58.5 சதவீதம், மாற்றாமல் வழமையான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதம் பிள்ளை பெற்றார்கள்.

எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் பிரெட்னிசோன் மாத்திரை: கரு தொடர்ந்து தங்காத 715 பெண்களிடமே செய்து 2023 இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைப்பேறு கூடவில்லை. மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் கூடியிருந்தது.

எதிர்ப்புச் சக்தியைக் குறிவைக்கும் இன்ட்ராலிபிட், இம்யூனோகுளோபுலின், இயற்கைக் கொல்லணுப் பரிசோதனை ஆகியவற்றை எஷ்ரே 2023 இல் பரிந்துரைக்கவில்லை. அன்டிபொஸ்போலிபிட் நோய் உறுதியானவர்களுக்கு அஸ்பிரினும் ஹெபரினும் தேவை. நோய் இல்லாமல் "எதற்கும் போட்டுவைப்போம்" என்று தினமும் ஹெபரின் போடுவதால் பலன் நிரூபிக்கப்படவில்லை.

கருவின் நிறமூர்த்தத்தைப் பார்க்கும் பி.ஜி.டி.-ஏ வேறு வகை. அது கருவைத் திருத்தாது, இருப்பதில் எது சரியென்று தெரிவு செய்யும். 38 வயதுக்கு மேல், ஐந்தாம் நாள் கரு நாலைந்து கிடைக்கிறது என்றால் வீண் தடவைகளைக் குறைக்கலாம். 32 வயதில் இரண்டு கருதான் இருக்கிறது என்றால் அந்தக் காசில் இரண்டையும் ஒவ்வொன்றாக வைத்துவிடலாம். கருவைத் துணுக்கெடுத்த பிறகு எங்கே அனுப்புகிறார்கள், எத்தனை நாளில் வரும், விடை தெளிவில்லாமல் வந்தால் மறுபடி காசா என்று கேளுங்கள்.

ஆலோசனைக்குப் போகும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "டொக்டர், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எதை மாத்துறீங்க, ஏன்?" ஏன் என்பதற்குப் பரிசோதனை முடிவு ஒன்றைக் காட்டிச் சொன்னால் நம்பலாம். எல்லாமே சரியாக இருக்கிறது, எதையும் மாற்றாமல் இன்னொரு நல்ல கருவை வைப்போம் என்று சொன்னாலும் அதுவும் நேர்மையான பதில்தான். நல்ல கருவும் ஒவ்வொரு தடவையும் பதிவதில்லை.

7. கரு வைக்கும் மாதம்: நேரமும் மருந்தும் பயணமும்

மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள், மாத்திரையில்லாமல் இயற்கைச் சுற்றில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பிற்பாடு கர்ப்பகால இரத்த அழுத்தம் வரும் ஆபத்து அதில் குறைவு. ஆனால் அடிக்கடி ஸ்கேன் வேண்டும். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு மாத்திரைச் சுற்று வசதி. அதில் ஈஸ்திரஜன் மாத்திரை 2 மி.கி. மூன்று வேளை, ஏறக்குறைய 10 முதல் 14 நாள். பிறகு ஸ்கேன். உட்சுவர் 7 மி.மீ. ஐ எட்ட வேண்டும். இந்த ஸ்கேனை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ ஒரு வி.ஓ.ஜி. வைத்தியரிடம் சனல் பண்ணிச் செய்து, படத்தையும் அளவையும் வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏற்பீர்களா என்று நிலையத்திடம் முன்பே பேசி வையுங்கள். ஏற்றால் ஒரு கொழும்புப் பயணம் மிச்சம்.

புரொஜெஸ்தரோன் தொடங்கும் நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஐந்தாம் நாள் கருவை, புரொஜெஸ்தரோன் தொடங்கி முழுதாக ஐந்து நாள் கழித்து வைக்கிறார்கள். இரவு தொடங்கச் சொன்னதை அடுத்த நாள் மதியம் தொடங்கினால் கணக்கே மாறிவிடும். அப்படி நடந்துவிட்டால் ஏச்சுக்குப் பயந்து மறைக்காதீர்கள். சொன்னால் கரு வைக்கும் நேரத்தை நகர்த்துவார்கள். தொலைபேசியில் அலாரம் வைத்து, ஒவ்வொரு வேளையும் வைத்ததைக் கடதாசியில் குறியுங்கள். பஸ்ஸில் இருக்கும் நேரத்தில்தான் வேளை தவறுகிறது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு நாலைந்து மணித்தியாலம், பதுளையிலிருந்து ஏழெட்டு. புறப்படும் முன்போ போய்ச் சேர்ந்த உடனேயோ வரும்படி வேளையை முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். யோனிக்குள் வைக்கும் மாத்திரை வெப்பத்தில் இளகிவிடலாம். லயத்து அறையில் பிரச்சினையில்லை, கொழும்பு பஸ்ஸில் பையின் அடியில் தண்ணீர்ப் போத்தலோடு வையுங்கள்.

மாத்திரைச் சுற்றில் கரு வைக்கும் நாளிலோ முதல் நாளிலோ இரத்தத்தில் புரொஜெஸ்தரோன் அளவு பார்க்கக் கேளுங்கள். 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பல நிலையங்கள் ஊசியோ, புரொஜெஸ்தரோனைப் போல வேலை செய்யும் டைட்ரோஜெஸ்தரோன் மாத்திரையோ சேர்ப்பார்கள். டைட்ரோஜெஸ்தரோன் இந்த இரத்தப் பரிசோதனையில் தெரியாது. எனவே அதைச் சேர்த்த பிறகும் எண் ஏறவில்லையே என்று கலங்காதீர்கள்.

புதிதாக முட்டை எடுப்பவர்களுக்கு: முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி, முட்டை எடுப்பதற்குச் சரியாக 36 மணித்தியாலம் முன். புதன் காலை 8 மணிக்கு என்றால் திங்கள் இரவு 8 மணி. அந்த நேரத்தில் தோட்ட டிஸ்பென்சரி பூட்டியிருக்கும். தானே போட்டுக்கொள்ளப் பழகுங்கள், அல்லது கணவன் பழகட்டும். ஊசி பலவற்றை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். நுவரெலியாக் குளிர் அதற்குப் போதாது. ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால், 25 பாகைக்குக் கீழே வைத்தாலே போதுமான பவுடர் வகை ஊசி இருக்கிறதா என்று கேட்டு அதையே எழுதச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியில் கொண்டுவரும்போது ஊசி ஐஸில் நேரடியாகப் படக் கூடாது, துணியில் சுற்றுங்கள். உறைந்த ஊசி வேலை செய்யாது.

மழைக் காலத்தில் முட்டை எடுக்கும் நாளைத் தெரிவு செய்யும்போது யோசியுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கமும், ஐப்பசிக்குப் பிறகு பதுளைப் பக்கமும் மண்சரிவால் பாதை அடைபடுவது வழமை. கடைசி ஊசி போடுமுன்பே கொழும்புக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். முட்டை 36 மணித்தியாலத்துக்கு மேல் காத்திராது.

போன தடவை கரு வைக்கும் குழாய் உள்ளே போகச் சிரமமிருந்தால், முன்கூட்டியே ஒரு ஒத்திகை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கரு வைக்கும் நாளில் சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும், வயிற்று ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே வைக்க வேண்டும்.

8. செலவுக் கணக்கு

முழுச் சுற்று ஒன்று பல லட்சம் ரூபா. நிலையத்துக்கு நிலையம் மாறும். கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள், அதற்குள் என்ன இல்லை என்பதுதான் கேள்வி. ஊசி மருந்து, மயக்க மருந்து, கருவை உறையவைத்தல், வருடாந்தச் சேமிப்புக் கட்டணம், உருக்கி வைக்கும் கட்டணம், ஒவ்வொரு ஸ்கேனும் இரத்தமும்: இவை தனித்தனியே எழுதிய விலைப்பட்டியலை இரண்டு நிலையங்களில் வாங்கி ஒப்பிடுங்கள். முட்டை கிடைக்காமல் இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உறைந்த கருவை வைப்பது முழுச் சுற்றின் ஒரு பங்குச் செலவுதான். ஆகவே இருக்கும் கரு முடியுமுன் புதுச் சுற்றுக்குச் சம்மதிக்க அவசரப்படாதீர்கள்.

அதோடு இருவரின் பேரும் தவறும் நாள், பஸ், தங்குமிடம், சாப்பாடு. இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் போய், கடைசி ஸ்கேனுக்குக் காசில்லாமல் நிற்பவர்கள் உண்டு. நுண்கடன் மட்டும் எடுக்கவே வேண்டாம். கிழமைக்குக் கிழமை வந்து கதவைத் தட்டுகிற கடனோடு இரண்டு கிழமை காத்திருப்பது உடம்புக்கும் மனதுக்கும் கேடு. சீட்டுப் போட்டுச் சேர்த்து, ஆறு மாதம் கழித்துப் போனாலும் உறைந்த கரு அப்படியே இருக்கும்.

9. வைத்த பிறகு

படுத்தே கிடப்பதால் கரு ஒட்டாது. கட்டாய ஓய்வு பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை. சில ஆய்வுகளில் கெடுதலாகவும் இருந்திருக்கிறது. பஸ்ஸில் வீடு திரும்பலாம், சமைக்கலாம், நடக்கலாம். கொழுந்துக் கூடை சுமந்து செங்குத்து மலை ஏறுவதை மட்டும் சில நாள் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இரத்தத்தில் எச்.சி.ஜி. பார்க்க நிலையம் சொன்ன நாள் வரை பொறுங்கள். 9 முதல் 14 நாளுக்குள் இருக்கும். அதற்கு முன் ஃபார்மசி ஸ்டிரிப்பில் பார்த்தால் இல்லாததும் இருப்பதாகவும், இருப்பது இல்லாததாகவும் காட்டலாம். இரத்தம் பட்டது என்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். நல்லபடி தங்கிய கர்ப்பங்களிலும் ஆரம்பத்தில் இரத்தம் படுவதுண்டு. பரிசோதனை முடிவைப் பார்த்து வைத்தியர் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும். மாத்திரைச் சுற்றில் வைத்தவர்களுக்குக் கரு தங்கினால் 10 முதல் 12 கிழமை வரை மருந்து தொடரும். அத்தனை நாளுக்கும் கையிருப்பு வேண்டும். மலையக நகரங்களின் ஃபார்மசிகளில் கேட்ட உடனே கிடைக்காது.

எச்.சி.ஜி. ஏறியிருந்தால் ஆறு, ஏழு கிழமையில் ஸ்கேன் கட்டாயம். கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் வயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் கொழும்பு நிலையத்துக்கு அழைத்துக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். முட்டை எடுத்த சில நாளில் வயிறு உப்பி, மூச்சு முட்டி, சிறுநீர் குறைந்தாலும் அப்படியே. "ஐ.வி.எஃப் செய்தது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், சிகிச்சைச் சுருக்கத்தைக் கையில் கொடுங்கள். அந்தக் கடதாசியின் படமொன்று கணவனின் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

இந்தத் தடவையும் எச்.சி.ஜி. ஏறாவிட்டால், அன்றே அடுத்த திகதி எடுக்காதீர்கள். ஒரு மாதம் விட்டு, இருவரும் சேர்ந்து போய், இன்னொரு தடவையின் வாய்ப்பு உங்கள் வயதில் எத்தனை சதவீதம் என்று எண்ணாகக் கேளுங்கள். தானமுட்டை, தானவிந்து பற்றிப் பேச விரும்பினால் அதே அமர்வில் பேசலாம். தத்தெடுக்க நினைப்பவர்கள் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதியலாம். சட்டப்படி விண்ணப்பிப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது அதே விவாகச் சான்றிதழையும் அடையாள அட்டையையும்தான்.